மூன்று காருக்கு ஒரு பற்றரி

நான் போய் இறங்கிய மத்தியானம் என் மச்சாளின் கார் வயிறு திறந்து கிடந்தது.

கனகராயன்குளத்தில் ஏ-ஒன்பது வீதியோரம் ரூபனின் கராஜ். தகரக் கூரை, அதன் கீழே ஆள் இறங்கி நிற்கக்கூடிய சீமெந்துக் குழி, குழியின் மேலே கார். காரின் அடியிலிருந்து கட்டில் அளவில் தட்டையான இரும்புப் பெட்டியொன்று பாதி இறங்கித் தொங்கியது. அதுதான் பற்றரி. அதற்குள்ளிருந்து வந்த தடித்த செம்மஞ்சள் வயரைக் கண்டதும் நான் சூட்கேசை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

நோர்வேயில் பத்து வருடத்துக்கு மேலாக மின்சாரக் கார் ஓட்டுகிறவன் நான். அந்த வயரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. கையேட்டின் தொடக்கத்திலேயே அதைத் தொடாதே என்று போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் கையேட்டையும் தொடவில்லை.

“அண்ணை, மரத்துக்குப் பின்னால நிண்டு பிரயோசனமில்லை,” என்று குழிக்குள்ளிருந்து ரூபனின் குரல் வந்தது. “இணைப்பைக் கழட்டிப்போட்டன். இப்ப அது செத்த பாம்பு.”

“செத்த பாம்பெண்டால் உமக்கு ஏன் உவ்வளவு தடிச்ச கையுறை?”

“செத்தது பாம்புக்குத் தெரியவேணுமே, அண்ணை.”

குழியோரம் கைகட்டி நின்றவர் என் சகலன் செல்வராசா. என் மனைவியின் அக்காவான பவானி மச்சாளின் கணவர், குளத்துக்குக் கீழே நெல் விதைக்கிறவர். இன்றைக்கு இத்தனை சொல்தான் என்று விடியவே எண்ணி எடுத்துக்கொண்டு எழும்புகிற மனிதர். “வாங்கோ சகலன்,” என்றார். அன்றைய பங்கில் பாதி அதிலேயே போயிருக்கும்.

பக்கத்தில் இன்னொரு கார் காத்து நின்றது. அதே மாதிரி, அதே வயது, நிறம் மட்டும் வேறு. அதன் சொந்தக்காரர் நிசாம். முல்லைத்தீவில் கருவாடு எடுத்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சந்தைகளுக்குக் கொடுக்கிறவர். அவர் தன்னை அறிமுகம் செய்யும் முன்பே அவருடைய கார் தன்னை அறிமுகம் செய்துவிட்டது. கதவு பூட்டியிருந்தும் கருவாட்டு மணம் வேப்பமரம் வரை வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கியது.

நான் பார்த்தது ஒரு இடமாற்றம். மச்சாளின் காரிலிருந்து நல்ல பற்றரி இறங்கி நிசாமின் காருக்குப் போகிறது. நிசாமின் காரிலிருந்த சோர்ந்த பற்றரி மச்சாளின் காருக்கு ஏறுகிறது. இப்படி ஊரில் மூன்று கார்கள். மூன்றாவது காருக்குச் சொந்தக்காரி காட்டுப் பக்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கும் ஒரு ரீச்சர். மூன்று காருக்கும் நல்ல பற்றரி ஒன்றே ஒன்று.

ரூபன் இதை விளங்கப்படுத்தியபோது அவர் முகத்தில் ஒரு பட்டமளிப்பு விழாக் களை இருந்தது. பல வருடங்களுக்கு முன் இந்தக் கார்கள் ஜப்பானிலிருந்து பழையதாகவே வந்து இறங்கியவை. கொழும்புக்காரர் சில வருடம் ஓடினார்கள். பற்றரி இளைத்து, வீட்டிலிருந்து கந்தோர் வேலைக்குப் போய்த் திரும்பி வரமுடியாத நிலை வந்ததும் கைகழுவிவிட்டார்கள். புதிய பற்றரியின் விலை காரின் விலையைத் தாண்டும். அதனால் கார்கள் பழைய ஓட்டோவின் விலைக்கு வடக்கே வந்து சேர்ந்தன.

“கார் மலிவு அண்ணை. ஓடுறதுதான் விலை,” என்றார் ரூபன்.

புதிய மின்சாரக் காரைப் பற்றி இங்கே எவரும் பேசுவதில்லை. அந்தக் காசுக்குக் குளத்துக்குக் கீழே வயல் வாங்கலாம், வயலோடு சேர்த்து உழவு இயந்திரமும் வாங்கலாம். எனவே மூன்று பேரும் சேர்ந்து, தெற்கே எங்கோ மூக்கு நசுங்கிய ஒரு காரின் அடிபடாத பற்றரியை வாங்கினார்கள். பெண்கள் இருவரும் காப்புகளைக் கழற்றினார்கள், நிசாம் தன் பழைய லொறியை விற்றார். கார் தன் சொந்தப் பற்றரியைத் தவிர வேறொன்றையும் ஏற்காத குணமுடையது. ரூபன் சிறிய பெட்டியொன்றை இடையில் பொருத்தி அதை ஏமாற்றி வைத்திருக்கிறார். இப்போது மூன்று கார்களும் எந்தப் பற்றரியையும் தங்களுடையது என்றே நம்புகின்றன.

ஒஸ்லோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பற்றரி மாற்றும் கொட்டகை ஒன்று இருக்கிறது. கார் உள்ளே போய் நிற்கும். நிலம் திறக்கும், கீழே என்னவோ சுற்றும், நாங்கள் இருக்கையை விட்டு அசையாமல் கைபேசி பார்த்து முடிப்பதற்குள் புதுப் பற்றரியோடு வெளியே வந்துவிடலாம். ஒரு மனித முகமும் கண்ணில் படாது. ரூபனின் குழியில் அதே வேலைக்கு நாலு பேர், ஒரு தள்ளுவண்டி, இரண்டு தேநீர், நிறையக் கெட்ட வார்த்தை. முடியும்போது பொழுது சாய்ந்திருந்தது.

நான் வந்த காரியத்தையும் சொல்லிவிடவேண்டும். பவானி மச்சாளின் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. கிழமையில் குறித்த நாட்களில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். ஒரு தடவை தவறினாலும் நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டத் தொடங்கிவிடும். அவருக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க என் மனைவி சுகந்தி முடிவு செய்துவிட்டாள். ஒஸ்லோவில் செய்த முதற் சோதனைகள் சரி. ஆனால் மச்சாள் தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “நேரில போய் அவவை ஓம் எண்டு சொல்ல வையுங்கோ. உங்கடை பகிடிக்கு அவ சிரிப்பா,” என்று சுகந்தி என்னை அனுப்பினாள்.

மச்சாளை ஓம் என்று சொல்ல வைக்க வந்தவன் உள்ளுக்குள் எப்படி இருந்தான் என்பது வேறு கதை. சுகந்தியை மயக்கி ஒரு மேசையில் படுக்கவைப்பதை நினைத்தால் உடனே எழும்பிப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டுவிடுவேன். மச்சாள் மாட்டேன் என்றே சொல்லட்டும் என்று மனதின் ஒரு மூலையில் ஒருவன் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தான். அவனுக்கும் என் முகம்தான்.

அன்றிரவு புட்டும் குளத்து மீன் குழம்பும். சமைத்தது மச்சாள். அவர் சாப்பிட்டது வேறு: இரண்டு தடவை அவித்து, இரண்டு தடவையும் தண்ணீரை ஊற்றிவிட்ட மரக்கறி. சட்டியில் மிஞ்சியது அதன் பெயர் மட்டும்தான் என்றார். அவருக்கு நாள் முழுவதற்குமான தண்ணீர் ஒரு சின்னப் போத்தலில் மேசையில் இருந்தது. குசினி யன்னலைத் திறந்தால் குளம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டு அவர் போத்தல் மூடியில் ஊற்றி நாக்கை நனைத்தார். நான் என் குவளையை மேசைக்குக் கீழே வைத்துக் குடித்தேன்.

“ஒளிச்சுக் குடியாதேங்கோ, நோர்வேக்காரர். சத்தம் கேக்குது,” என்றார்.

இதுதான் நேரம் என்று தொடங்கினேன். வழியெல்லாம் தயார் பண்ணி வந்த பேச்சு. ரூபனின் குழியைப் பார்த்தபின் அதற்கு ஒரு உவமையும் கிடைத்திருந்தது. ஊரே ஒரு பற்றரியை மாறிமாறிப் போட்டு ஓடுகிறது, அக்காவும் தங்கச்சியும் மாற்றினால் என்ன என்றேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே ஒரு புன்னகை வந்தது.

மச்சாள் புட்டுப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினார். “நல்ல பற்றரியைக் கழட்டின கார் என்ன செய்யும் எண்டு உங்களுக்குத் தெரியாது. முத்தத்தில நிக்கும். போன மாதம் எங்கடை காருக்குள்ள கோழி அடைகாத்தது. என்ரை தங்கச்சியை நான் அப்பிடி நிப்பாட்ட மாட்டன்.”

“ஒரு கிட்னியோட எத்தினையோ சனம் எல்லாரையும்போல இருக்கினம், மச்சாள்.”

“அதைச் சொல்லேக்க உங்கடை குரல் ஏன் நடுங்குது?”

நான் புட்டைப் பார்த்தேன். செல்வராசா தன் பங்கில் மிச்சமிருந்த சொற்களைச் செலவழித்தார். “சாப்பிடுங்கோ. நாளைக்குக் குளம் பாப்பம்.”

*

மறுநாள் காலை குளக்கட்டில் நடந்தோம். வானம் ஈரச் சாக்குப் போல் தொங்கியது. கட்டுக்கு ஒரு பக்கம் கலங்கிய தண்ணீர், மறுபக்கம் வயல். கட்டின் மேலே வந்ததும் செல்வராசா வேறு மனிதர். வாய் திறந்தது.

பற்றரியின் முறையைப் போட்டது அவர்தான். சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறையும்போது வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்துத் திறப்பார்கள். இன்றைக்கு மேல் வயல், நாளைக்கு நடு வயல், அதற்கடுத்த நாள் கடை வயல். அதையே அப்படியே காருக்குப் போட்டிருக்கிறார். நல்ல பற்றரி ஆரிடம் இருக்கிறதோ அவர் நிரப்பித்தான் அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும். பிந்தினால் அவருடைய அடுத்த முறை குறையும். சண்டை வந்தால் மூன்று பேரும் ரூபனின் குழியடிக்கு வரவேண்டும், குழியடியில் பேசி முடித்ததை வீட்டுக்குப் போய்த் திருப்பிப் பேசக்கூடாது.

“எல்லாருக்கும் ஒரே அளவு முறையோ?”

“இல்லை. குடலைப் பயிருக்கு முதல்.”

கதிர் வெளியே வராமல் உள்ளுக்குள் இருக்கும் பருவத்துக்குக் குடலை என்று பெயர். அந்த நேரம் தண்ணீர் தவறினால் கதிர் பதராகிவிடும். எனவே ஆருடைய முறை என்றாலும் குடலைப் பயிர் நிற்கும் வயலுக்குத்தான் முதலில் திறப்பார்கள். மச்சாளின் ஆஸ்பத்திரி நாட்களும் அந்தக் கணக்கில். ரீச்சரும் நிசாமும் ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லையாம்.

“அவவுக்கு இது தெரியுமோ?”

“தெரியும். குடலைப் பயிர் வந்திட்டுது எண்டு சொல்லிக்கொண்டுதான் காரில ஏறுவா.” அவர் சிரிக்கவில்லை. வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் என்ரை கிட்னியைக் குடுக்கக் கேட்டனான். என்ரை அவவுக்குப் பொருந்தேல்லை. குளம் முழுக்கத் தண்ணி நிக்குது சகலன், வாய்க்கால் மட்டத்துக்கு வருகுதில்லை எண்ட மாதிரி.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நாரைகளைப் பார்த்தோம்.

பற்றரியைக் கழற்றிப் பூட்டும் பாடு எதற்கு, நல்ல பற்றரி இருக்கிற காரை இரவல் வாங்கினால் போதாதா என்று கேட்டேன். தொடக்கத்தில் அப்படித்தான் செய்தார்களாம். நிசாமின் காரில் மச்சாளை ஏற்றினார்கள். இரத்தம் சுத்தம் செய்யும் நாளில் அவருக்கு வெறுவயிற்றிலேயே குமட்டும். கருவாட்டு மணத்தில் மாங்குளம் தாண்டுவதற்குள் நாலு தரம் சத்தி எடுத்து, ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு போகவேண்டி வந்தது. ஒரு தரம் பேருந்தில் போய்த் திரும்பும்போது மயங்கி நடைபாதையில் விழுந்தார். அதற்குப் பிறகுதான் ரூபனின் குழி. அன்றிலிருந்து ஆர் எங்கே போவதென்றாலும் பற்றரிதான் இடம் மாறும். ஆளும் காரும் மாறுவதில்லை. அது ஊர்ப் பழக்கமாகிவிட்டது.

மத்தியானம் மழை பிடித்தது. நான் வாழும் நாட்டில் மழை கூச்ச சுபாவம் உள்ளது. இது அப்படியல்ல. பின்னேரம் மின்சாரம் நின்றது. மச்சாளின் காரில் கிடந்த சோர்ந்த பற்றரி அரைவாசிகூட நிரம்பவில்லை. விடிந்தால் ஆஸ்பத்திரி நாள். நல்ல பற்றரியோடு முல்லைத்தீவுக்குப் போன நிசாமைக் காணவில்லை.

இருட்டும் நேரம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஒட்டுசுட்டானுக்கு இப்பால் வீதியின் மேலே தண்ணீர் பாய்கிறது, வாகனம் விடுகிறார்களில்லை. காலையில் வடிந்ததும் மாங்குளம் வரை வந்துவிடலாம், கனகராயன்குளம் வந்து திரும்பிப் போகத்தான் நேரம் காணாது. நீங்கள் மாங்குளத்துக்கு வாருங்கள், அங்கே அரிசி ஆலையில் லொறிக் குழி இருக்கிறது, ரூபனையும் கூப்பிடுங்கள், அங்கேயே மாற்றிவிடலாம் என்றார். ஊரில் வாடகை வான் வைத்திருப்பவர் வவுனியாவில் அகப்பட்டிருந்தார். அந்த மழைக்குள் மச்சாளை ஓட்டோவில் அவ்வளவு தூரம் கொண்டுபோகவும் முடியாது. நிசாமின் யோசனை எல்லோருக்கும் சரியாகப் பட்டது. எனக்கும் பட்டது. அதைப் பின்னால் நினைத்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

செல்வராசா குளக்கட்டில் காவல் நிற்கவேண்டும். கட்டு கரைந்தால் ஊரே போகும். அவர் மச்சாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நீங்கள் ஓடுவியளோ சகலன்?”

“பத்து வருசமா இதைத்தானே ஓடுறன்,” என்றேன். அந்த வசனத்தைச் சொன்ன வாயை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

*

காலையில் நான் காரைத் தொடக்கியபோது முன்னால் இருந்த திரையில் சார்ஜைக் காட்டும் கோடுகள் குறைவாகவே இருந்தன. மச்சாள் பின் இருக்கையில் போர்வைக்குள். கையில் ஒரு தேசிக்காய். குமட்டினால் மணப்பதற்கு.

“குடலைப் பயிர் ஏறிட்டுது,” என்றார்.

ஒஸ்லோவில் பாதி சார்ஜ் இருக்கும்போதே எனக்கு வியர்க்கும். சுகந்தி அதை என் வருத்தங்களில் ஒன்றாகக் குடும்ப வைத்தியரிடம் சொல்லியிருக்கிறாள். இங்கே வியர்க்கவும் நேரமில்லை. மழைக்கு முன்கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்தது. ஆவி போகக் காற்றைப் போட்டால் ஒரு கோடு போனது. காற்றை நிறுத்தினால் வீதி போனது. நான் ஒரு கையால் ஓட்டி மறு கையால் துவாயால் துடைத்தேன். வீதியின் நடுவில் மாடுகள் படுத்திருந்தன. நனைந்த மாடு எழும்புவதற்கு முன் யோசிக்கும். ஹோர்ன் அடிக்கவும் பயம், அதற்கும் சார்ஜ் போகுமோ என்று.

“அடியுங்கோ. அதுக்கு ஒண்டும் போகாது,” என்றார் மச்சாள்.

“எப்பிடித் தெரியும்?”

“தெரியாது. மாடு எழும்பவேணுமே.”

பிறகு திரையில் ஒரு ஆமைப் படம் வந்தது. இந்தக் கார்களில் பற்றரி முடியப்போகும்போது வரும் அடையாளம் அது. ஆமை வந்தால் நீ எவ்வளவு மிதித்தாலும் கார் தன் இஷ்டத்துக்குத்தான் நகரும். சத்தமாக எதையோ சொல்லிக்கொண்டு ஓட்டினேன். அது தேவாரம் என்று நான் நினைத்தேன். மச்சாள் பிறகு சொன்னார், நான் நோர்வே மொழியில் எண்ணிக்கொண்டிருந்தேனாம்.

பின்னால் வந்த பேருந்தொன்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. நடத்துநர் படியில் நின்று கத்தினார்: “ஐயா, இறங்கித் தள்ளினால் கெதியாப் போகும்.” அந்த வீதியில் அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆலோசனை அது. பிழையும் இல்லை. மாங்குளம் அரிசி ஆலையின் வாசலைத் தாண்டியதும் கார் நின்றது. மிச்சத்தைத் தள்ளித்தான் உள்ளே கொண்டுபோனோம்.

நிசாம் வந்திருந்தார். அவருடைய காரில் கோடுகள் போதிய அளவு இருந்தன. ரூபன் மோட்டார் சைக்கிளில் கருவிப் பையோடு வந்து நனைந்து நின்றார். எல்லாம் திட்டப்படி. குழிக்குள் மட்டும் இடுப்பளவு தண்ணீர்.

அதற்குப் பிறகு நடந்ததை எந்த நாட்டிலும் பார்க்கமுடியாது. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நிசாம் சாரத்தை மடித்துக் கட்டிக் குழிக்குள் குதித்தார். ரூபன் குதித்தார். ஆலைத் தொழிலாளர் இருவர் வாளிகளோடு வந்தார்கள். நான் நோர்வேச் சப்பாத்தோடு குதித்தேன். இறைத்தோம். நாங்கள் ஒரு வாளி வெளியே ஊற்ற, மழை இரண்டு வாளி உள்ளே ஊற்றியது. ரூபன், தண்ணீர் முழங்காலுக்கு இறங்கினால் போதும், தான் சமாளிப்பேன் என்றார். செம்மஞ்சள் வயரும் முழங்கால் தண்ணீரும் என்று நினைத்ததும் நான் இரண்டு மடங்கு வேகமாக இறைத்தேன். தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஆரிடம் இருக்கிறது, அதை ஓட்ட மண்ணெண்ணெய் ஆரிடம் இருக்கிறது என்று பேச்சு நீண்டது. ஆஸ்பத்திரியில் மச்சாளுக்குக் கொடுத்த நேரம் கரைந்துகொண்டிருந்தது. காலையிலேயே அவருடைய முகம் வீங்கியிருந்ததை நான் கவனித்திருந்தேன். மூச்சும் கொஞ்சம் இரைந்தது.

கார்க் கதவு திறந்தது. மச்சாள் போர்வையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு குழியோரத்துக்கு வந்து எங்களை மேலிருந்து பார்த்தார். நாங்கள் ஐந்து பேர், சேறு, வாளி.

“என்ன செய்யிறியள்?”

“பற்றரி மாத்தவேணும் அக்கா,” என்றார் நிசாம்.

“உங்களுக்கெல்லாம் என்ன விசரோ? பற்றரியை ஏன் மாத்துவான்? என்னை மாத்துங்கோ.”

வாளிகள் நின்றன. நான் ரூபனைப் பார்த்தேன், ரூபன் நிசாமைப் பார்த்தார். பக்கத்தில் நல்ல பற்றரியோடு, ஓடக்கூடிய ஒரு முழுக் கார் நின்றுகொண்டிருந்தது. இரவு முழுவதும் தொலைபேசியில் திட்டம் போட்ட எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

“அக்கா, கார் நாறுது,” என்றார் நிசாம் மெதுவாக. “பின்னுக்கு லோட்டும் கிடக்கு.”

“எனக்கு மூக்கு இருக்கு, நிசாம். ஏறச் சொல்லுங்கோ நோர்வேக்காரரை.”

கருவாட்டுப் பெட்டிகளை ஆலையில் இறக்கினோம். மணத்தை இறக்க முடியவில்லை. நான்கு யன்னலையும் திறந்துவிட்டு, மழை உள்ளே அடிக்க அடிக்க நிசாம் ஓட்டினார். மச்சாள் தேசிக்காயை நகத்தால் கீறி மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் ஒரு பையை விரித்துப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

முறிகண்டியில் எல்லா வாகனமும் போல நிசாமும் நிறுத்தினார். இந்த வீதியில் ஓடுகிறவர்கள் ஆராக இருந்தாலும் பிள்ளையாரடியில் ஒரு நிமிடம் நிற்பார்கள். நிசாம் இறங்கவில்லை, காரை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்திருந்தார். மச்சாள் பையை வாங்கிச் சத்தி எடுத்தார். வாயைத் துடைத்துவிட்டு, வறுத்த கடலைக் கடையைக் காட்டி, “கச்சான் வாங்குங்கோ,” என்றார்.

“நீங்கள் சாப்பிடக் கூடாதே.”

“உங்களுக்கு. வெள்ளையாப் போனியள்.”

*

ஆஸ்பத்திரியில் அவருக்கான கட்டில் இன்னும் காத்திருந்தது. தாதி ஒருத்தி அவர் கையைப் பிடித்து ஊசியை ஏற்றும்போது மூக்கைச் சுருக்கினாள். “ஆர் இஞ்ச கருவாடு கொண்டுவந்தது?”

“நான்தான். மணத்தை மட்டும் குத்தகைக்கு எடுத்திருக்கிறன்,” என்றார் மச்சாள்.

இயந்திரம் சுழன்றது. சிவப்புக் குழாய் ஒன்று போக, இன்னொன்று வந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய மூச்சு சீரானது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

“நோர்வேக்காரர்.”

“சொல்லுங்கோ.”

“அந்தக் குழிக்குள்ள எத்தினை பேர் நிண்டியள்?”

“அஞ்சு.”

“அதில ரெண்டு பேரை எனக்கு ஆரெண்டே தெரியாது.” கண்ணைத் திறக்காமல் பேசினார். “நான் மாட்டன் எண்டு சொன்னது தங்கச்சியைக் காப்பாத்த எண்டு நினைச்சனான். என்ரை பாரத்தை நானே சுமக்கிறன் எண்டு எனக்கொரு பெருமையும் இருந்தது. இண்டைக்கு மேல நிண்டு பாத்தன். நான் எங்க சுமந்தனான்? முறை வைச்சு ஊருக்கெல்லாம் பிரிச்செல்லோ குடுத்திருக்கிறன். நிசாம் சந்தையை விட்டிட்டு வாறான். ரீச்சர் மழைக்குள்ள சைக்கிள்ல போறா. இவர் குளக்கட்டில நிண்டு என்னை நினைச்சுக்கொண்டு நிப்பார்.”

நான் வழக்கமாக இப்படியான நேரத்தில் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். அன்றைக்கு நழுவிய போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். மனதின் மூலையில் கற்பூரம் கொளுத்தியவன் எழும்பி ஓடத் தயாராக நின்றான்.

“அவளுக்கு எடுங்கோ,” என்றார்.

ஒஸ்லோவில் இன்னும் விடியவில்லை. சுகந்தி முதல் மணியிலேயே எடுத்தாள். மச்சாள் குழாய் இல்லாத கையால் கைபேசியைப் பிடித்தார்.

“நான்தானடி. ஓம். ... ஓம் எண்டுறன், கேக்கேல்லையோ. அதுக்குத்தான் எடுத்தனான். ... அழாதை, இஞ்ச எல்லாரும் பாக்கினம். ... டொக்டர்மார் இன்னும் எவ்வளவோ பாக்கவேணும், அதுக்குள்ள நீ உடுப்பு அடுக்காதை. ... உன்ரை மனிசனோ? நல்லாத்தான் ஓடினவர். நடுவில எண்ணத் தொடங்கிட்டார்.”

கைபேசி என்னிடம் வந்தது. நான் வெளி விறாந்தைக்குப் போனேன்.

“என்ன சொல்லி ஓம் எண்ட வைச்சனீங்கள்?” என்று கேட்டாள் சுகந்தி. மூக்கு அடைத்த குரல்.

“நான் ஒண்டும் சொல்லேல்லை. கண்ணாடி துடைச்சனான்.”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “உங்களுக்குப் பயமோ?”

முப்பது வருடப் பழக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பத்துப் பகிடிகள் உண்டு. “ஓம்,” என்றேன்.

“எனக்கும்தான்,” என்றாள்.



பேசி முடிந்தபின் நான் விறாந்தையில் நின்று என் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அழுத்திப் பார்த்தேன். அந்த வழியால் வந்த அதே தாதி நின்றாள்.

“ஐயாவுக்கும் நோகுதோ?”

“இல்லைப் பிள்ளை. கிட்னி எங்க இருக்கு எண்டு பாத்தனான்.”

அவள் என் கையைப் பிடித்து நாலு விரல் மேலே உயர்த்தி வைத்தாள். “இஞ்ச,” என்று சொல்லிவிட்டுப் போனாள். இத்தனை காலம் நான் தவறான இடத்தைப் பற்றிப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

நிசாமைத் தேடி வெளியே போனேன். சந்தைக்குப் பக்கத்தில் அவருடைய உறவினரின் கடை. கடைக்குள்ளிருந்து வந்த நீண்ட வயர் காரின் மூக்கில் செருகியிருந்தது. மழை விட்டிருந்தது. காரின் எல்லாக் கதவும் பின்மூடியும் திறந்து கிடந்தன. உள்ளே விரித்திருந்த றப்பர் பாய்களையெல்லாம் எடுத்துச் சுவரில் சாத்தியிருந்தார். நிசாம் முழங்காலில் நின்று, பின்னிருக்கையைச் சவர்க்காரத் தூளும் தேசிக்காய்ப் பாதியும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிழிந்த தேசிக்காய்கள் ஒரு குவியல்.

“போகுதோ?” என்றேன்.

“இது போகாது அண்ணை. வருசக்கணக்கா ஏறினது.” நிமிராமல் சொன்னார். “எண்டாலும் அவ திரும்பிப் போகவேணுமே.”

மச்சாள் கட்டிலிலிருந்து இறங்க இன்னும் நேரம் இருந்தது. நான் காற்சட்டையை மடித்துவிட்டு, வாளியில் கிடந்த மற்றத் துணியை எடுத்தேன்.